சிறிய லேத்தில் பேனாவுக்கு அலங்கார வரிகள் வெட்ட, மலிவான மில்லிங் அட்டாச்மென்ட் எதை வாங்கலாம்?

மரம் கடையும் சிறிய லேத்தை வைத்துக்கொண்டு, பேனாத் தண்டில் நேர்வரியும் முறுக்குவரியும் வெட்ட விரும்புகிறீர்கள். 'மில்லிங் அட்டாச்மென்ட்' என்று கடையில் விற்பதை வாங்கலாமா என்று கேட்கிறீர்கள். வாங்க வேண்டாம் என்பேன்.

அந்தப் பெயரில் கிடைப்பது பெரும்பாலும் உலோக லேத்துக்கான செங்குத்து ஸ்லைடு, அதாவது மேலும் கீழும் நகரும் பிடிப்பான். அதில் பொருளைப் பிடித்து, வெட்டும் முனையான கட்டரை லேத்தின் சுழலும் தண்டான ஸ்பிண்டிலில் மாட்டி ஓட்டுவார்கள். உங்களுக்கு வேண்டியது இதற்கு நேர்மாறு. பேனாத் தண்டு ஸ்பிண்டிலில் அசையாமல் பூட்டப்பட்டு நிற்க வேண்டும், கட்டர் தனி மோட்டாரில் சுழன்றபடி தண்டின் நீளத்துக்கு நகர வேண்டும். லண்டனில் ஹோல்ட்சாப்ஃபெல் குடும்பம் அலங்காரக் கடைசலுக்கென்றே செய்து விற்ற லேத்துகளும் இப்படித்தான் வேலை செய்தன. மோட்டார் இல்லாத காலம், ஆகவே தலைக்கு மேல் ஓடும் கயிறு கட்டரைச் சுழற்றியது. இன்று அந்த வேலைக்கு டிரெமல் மாதிரியான, வேகமாகச் சுழலும் சிறிய மின் கைக்கருவி போதும்.

அமெரிக்கத் தயாரிப்பான 'பீல் பென் விசார்ட்' இதற்கென்றே வந்த கருவி. கையால் சுற்றுவது, லேத்தே தேவையில்லை. நல்ல பொருள்தான், ஆனால் விலையோடு கப்பல் கூலியும் சுங்க வரியும் சேரும். ஓய்வு நேரப் பொழுதுபோக்குக்கு அவ்வளவு செலவழிக்க எனக்கு மனம் வரவில்லை.

நான் சொல்லும் வழி இதுதான். டிரில்லிங் மெஷினுக்காக விற்கும் சிறிய எக்ஸ்-ஒய் மேசை (கைப்பிடியைத் திருகினால் நீளவாக்கிலும் குறுக்கிலும் நகர்வது) ஒன்றை லேத்தின் பெட்டில், அதாவது அடித்தளத் தண்டவாளத்தில், போல்ட் போட்டுப் பூட்டுங்கள். வாங்குமுன் உயரத்தை அளந்துவிடுங்கள். 10 அங்குல ஸ்விங் (சுழற்றக்கூடிய பொருளின் அதிகபட்ச விட்டம்) உள்ள லேத்தில் பெட்டுக்கு மேல் மைய உயரம் 5 அங்குலம்தான். மேசையும் கருவிப் பிடிப்பும் அதற்குள் அடங்க வேண்டும். டிரெமலின் மூக்கில் இருக்கும் மரை 3/4 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 12 இழை. தடித்த நைலான் கட்டையில் அதே மரையை ஒரு பட்டறையில் வெட்டி வாங்கினால் அதுவே உறுதியான பிடிப்பு. மலிவான மேசைகளில் ஆட்டம் அதிகம், பக்கவாட்டுத் திருகுகளைச் சற்று இறுக்கி வையுங்கள். கட்டரின் நுனி ஸ்பிண்டிலின் மைய உயரத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பள்ளம் ஒரு பக்கம் சாயும். லேத்தின் மறுமுனையில் பொருளைத் தாங்கும் டெயில்ஸ்டாக்கின் கூர் மையத்தோடு முனையை ஒட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அடுத்தது வட்டத்தைப் பிரிப்பது. பல சிறிய லேத்துகளில் 24 துளை இண்டெக்ஸ் உண்டு; துளையில் ஓர் ஊசியை இறக்கினால் ஸ்பிண்டில் அந்த இடத்தில் பூட்டி நிற்கும். 6, 8, 12 வரிகளுக்கு அது சரி, 5 வரிக்கோ 10 வரிக்கோ உதவாது. பிளைவுட் வட்டத்தில் அச்சிட்ட தாளை ஒட்டி 60 துளை போட்டுக்கொண்டால் அந்தக் குறையும் தீரும். ஊசி பூட்டியிருக்கும்போது லேத்தின் பிளக் சுவரில் இருக்கவே கூடாது.

வெட்டுமுன் கணக்குப் போடுங்கள், பலர் கோட்டைவிடுவது இங்கேதான். 12 மி.மீ. விட்டத் தண்டின் சுற்றளவு 37.7 மி.மீ. அதில் 24 வரி என்றால் வரிக்கு வரி 1.57 மி.மீ. 90 பாகை வி-கட்டர் அரை மில்லிமீட்டர் இறங்கினால் பள்ளத்தின் அகலம் 1 மி.மீ., நடுவே அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான மேடு மிஞ்சும். அழகாக வரும். அதே ஆழத்தை 7 மி.மீ. பித்தளைக் குழாய் போட்ட மெல்லிய பேனாவில் முயலாதீர்கள். அதன் முடிவான விட்டம் சுமார் 8.4 மி.மீ., ஆகவே குழாயின் மேல் இருக்கும் மரம் 0.7 மி.மீ. மட்டுமே. பள்ளத்துக்கு அடியில் மிஞ்சும் 0.2 மி.மீ. மரம் பெயர்ந்து வந்துவிடும். தடித்த தண்டு கொண்ட பேனாவை எடுங்கள், அல்லது வேண்டுமென்றே குழாய்வரை வெட்டி, வண்ண எபாக்சியால் நிரப்பி, மறுபடி கடைந்து சமன் செய்யுங்கள். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும்.

மரத்தில் கருங்காலி போல நெருக்கமான இழை உள்ளது வேண்டும். தேக்கு விளிம்பில் சிலும்பும். அக்ரிலிக்கில் வேகத்தைக் குறைத்து வையுங்கள், சூடேறினால் உருகிக் கட்டரில் ஒட்டும். கண்ணாடியும் முகமூடியும் சொல்லாமலே போடுவீர்கள் என்று நம்புகிறேன்.

முறுக்குவரிக்குத் தண்டு மெல்லச் சுழல வேண்டும், ஆகவே ஸ்பிண்டிலின் பூட்டை எடுத்துவிடுங்கள்; சுழற்றக் கயிறே போதும். ஸ்பிண்டிலில் 50 மி.மீ. விட்டமுள்ள மர உருளையை மாட்டி, அதில் சுற்றிய நீளாத கயிற்றைக் கப்பி வழியே திருப்பி, நகரும் மேசையில் கட்டுங்கள். எதிர்ப்பக்கம் சுற்றிய இன்னொரு கயிற்றில் எடை தொங்கினால் கயிறு தளராது. மேசை 157 மி.மீ. நகர்ந்தால் தண்டு ஒரு சுற்று சுற்றும், 60 மி.மீ. தண்டில் அது சுமார் 137 பாகை முறுக்கு. உருளை சிறியதானால் முறுக்கு கூடும். உருளையை ஸ்பிண்டிலோடு இறுக்கிவிடாமல், அதில் பொருத்திய ஊசி ஸ்பிண்டிலில் பூட்டிய பிளைவுட் இண்டெக்ஸ் தட்டின் துளையில் இறங்கும்படி செய்யுங்கள். ஒரு வரி முடிந்ததும் ஊசியை அடுத்த துளைக்கு மாற்றி, மேசையைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து, அடுத்த வரியைத் தொடங்கலாம்.