சர்வர் கண்காணிப்பு: சுங்கை சிப்புட் நண்பர்கள் கேட்டவை

கேள்வி (செம்பனை ஆலை அலுவலகத் தம்பி): எடைமேடை சிஸ்டம் டாம்கேட்டில் (ஜாவா வெப் சர்வர்) ஓடுகிறது. சாயங்காலம் லாரிகள் வரிசை கட்டினால் திணறுகிறது. எந்தத் தரவை எடுப்பது, எப்படி?

பதில்: தம்பி, சிபியூ வரைபடத்தை மட்டும் நம்பாதீர்கள். வேலையில் இருக்கும் த்ரெட்கள் (ஒவ்வொன்றும் ஒரு நேரத்தில் ஒரு கோரிக்கையைக் கவனிக்கும்), கனெக்‌ஷன் பூல் (திறந்து வைத்த டேட்டாபேஸ் இணைப்புகள்), ஹீப் (ஜாவாவின் நினைவகம்), ஜிசி (நினைவகத் துப்புரவு) நேரம் எல்லாம் ஜாவாவின் கண்காணிப்பு வசதியான ஜேஎம்எக்ஸ் வழியாகக் கிடைக்கும். த்ரெட் வரம்பை யாரும் மாற்றவில்லை என்றால் அது 200. சிபியூ சும்மா கிடக்க 200-ம் மாட்டிக்கொண்டிருந்தால், பெரும்பாலும் டேட்டாபேஸுக்காகக் காத்து நிற்கின்றன. சர்வர்களிலிருந்து எண்களை இழுத்துச் சேமிக்கும் கண்காணிப்பு மென்பொருள் ப்ரோமிதியஸ். அதன் ஜேஎம்எக்ஸ் எக்ஸ்போர்ட்டரை ஜாவா ஏஜென்ட்டாக (ஜாவாவோடு சேர்ந்தே ஓடும் துணை நிரல்) சேர்த்தால் போதும். ரிமோட் ஜேஎம்எக்ஸ் போர்ட்டைத் திறக்கவே வேண்டாம்.

அப்புறம், ஆக்சஸ் லாகில் (வந்த கோரிக்கைகளின் பதிவு) %D-ஐ (கோரிக்கை எடுத்த நேரம்) சேர்த்துக்கொள்ளுங்கள், எந்தப் பக்கம் மெதுவென்று தெரியும். டாம்கேட் 9 வரை அது மில்லிசெகண்ட், 10-லிருந்து மைக்ரோசெகண்ட். மேம்படுத்திய மறுநாள் எல்லாம் ஆயிரம் மடங்கு மெதுவாகிவிட்டதாக அலற வேண்டாம்.

கேள்வி: உள் நெட்வொர்க்தானே, ரிமோட் ஜேஎம்எக்ஸுக்குப் பாஸ்வேர்டு எதற்கு?

பதில்: உள்ளே நுழைந்தவன் உங்கள் சர்வரில் தன் நிரலையே ஓட்டலாம். அதற்கு.

கேள்வி: எங்களுடையது வெப்ஸ்பியர் (ஐபிஎம்மின் ஜாவா சர்வர்). எப்படி அளப்பது?

பதில்: அதிலேயே பிஎம்ஐ என்ற அளக்கும் வசதி இருக்கிறது. பேசிக் நிலையில் விடுங்கள். எல்லாவற்றையும் முடுக்கினால் அளப்பதே சுமையாகிவிடும்.

கேள்வி: சராசரி பதில் நேரம் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனாலும் புகார் வருகிறதே?

பதில்: சராசரியை விடுங்கள். 95-வது பெர்சென்டைலை, அதாவது நூற்றில் 95 கோரிக்கைகள் எவ்வளவு நேரத்துக்குள் முடிகின்றன என்பதைப் பாருங்கள்.

கேள்வி (கூட்டுறவுக் கடை அண்ணன்): கோலாலம்பூரில் இருக்கும் ப்ரோமிதியஸ் எங்கள் கடை சர்வரை எட்டாது. சர்வரே தள்ளட்டுமே, தள்ளிய எண்களை வாங்கி வைக்கும் புஷ்கேட்வே போடலாமா?

பதில்: வேண்டாம் அண்ணே. அது சீக்கிரம் முடிந்துபோகும் பேட்ச் வேலைகளுக்கானது. கடைசியாக வந்த எண்ணைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சர்வர் செத்தாலும் பழைய எண் பளிச்சென்று நிற்கும். ப்ரோமிதியஸ் தானே இழுக்கும் முறையில் அடுத்த இழுப்பிலேயே ‘அப்’ மதிப்பு (சர்வர் எட்டுகிறதா என்பதற்கான குறி) 0 ஆகிவிடும்.

கேள்வி (அதே அண்ணன்): இடி இடித்தால் லைன் போகிற ஊரில் எங்கிருந்து இழுப்பது?

பதில்: கடையிலேயே, வேறொரு கணினியில் சின்ன ப்ரோமிதியஸ் வையுங்கள். அது பக்கத்திலிருந்து இழுத்து, ரிமோட் ரைட் (ஒரு ப்ரோமிதியஸ் எண்களை வேறிடத்துக்கு அனுப்பும் வசதி) மூலம் கோலாலம்பூருக்கு அனுப்பும். லைன் 2 மணி நேரத்துக்கு மேல் போனால் அனுப்பாதது அங்கே போய்ச் சேராது. ஆனால் உள்ளூர்ப் பிரதி வழக்கமான அமைப்பில் 15 நாள் இருக்கும். கடைசிக் கட்டம் தள்ளல்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சர்வர் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் ப்ரோமிதியஸ் பக்கத்தில் இருக்க வேண்டும்.

கேள்வி: சோதனைக்கு மட்டும் ஜேஎம்எக்ஸைப் பாஸ்வேர்டு இல்லாமல்...

பதில்: பாஸ்வேர்டு பற்றி மேலே சொன்ன பதிலைப் படியுங்கள்.

கேள்வி: என் மடிக்கணினி மெதுவாக ஓடுகிறது.

பதில்: கணினிக் கடையில் காட்டுங்கள்.