எடை குறைந்தது, மாலைப் பொழுது மாறவில்லை

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு வணக்கம்.

கோத்தகிரிக்கு அருகே ஒரு தேயிலைத் தொழிற்சாலை அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். வயது 39. என் கணவர் மலைக் காய்கறி ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போகும் லாரியை ஓட்டுகிறார். வீடு திரும்ப இரவு ஒன்பது, பத்து ஆகிவிடும். ஒரே மகள் கோவையில் விடுதியில் தங்கிக் கல்லூரியில் படிக்கிறாள்.

ஒன்றரை ஆண்டுக்கு முன்பு கோவையில் எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிடும் ஸ்லீவ் முறை. அப்போது என் எடை 114 கிலோ. சர்க்கரை நோய், முழங்கால் வலி, இரவில் மூச்சு அடைத்துத் திடுக்கிட்டு விழிப்பது என்று எல்லாமே இருந்தன. நகையை அடகு வைத்துத்தான் சிகிச்சைக்குப் பணம் கட்டினோம்.

முதல் ஆறேழு மாதங்கள் எனக்குப் பசியே தெரியவில்லை. காலையில் எடை பார்ப்பதற்காகவே சீக்கிரம் எழுந்துவிடுவேன். ரவிக்கைகளைப் பிடித்துத் தைக்கக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். சர்க்கரை மாத்திரையை மருத்துவரே நிறுத்திவிட்டார். நடுவில் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. அதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை, பிறகு வளர்ந்தும் விட்டது. எடை 78 வரை வந்தது. அங்கேயே நின்றது. இப்போது 81.

பசி திரும்பி வந்துவிட்டது. ஆனால் சாப்பாட்டு நேரத்தில் ஒன்றரை இட்லிக்கு மேல் இறங்குவதில்லை. தொந்தரவு மாலையில்தான். ஐந்து மணிக்கு வீட்டுக்கு வந்தால் பனிமூட்டம் இறங்கி ஜன்னலை மூடிவிடுகிறது. வீட்டில் யாரும் இல்லை. தேநீர் போட்டு, வர்க்கியை அதில் தோய்த்து ஒன்று, இன்னொன்று என்று பாக்கெட் தீரும்வரை தின்கிறேன். இட்லிக்கு இடம் கொடுக்காத வயிறு வர்க்கிக்கு மட்டும் எப்படி இடம் கொடுக்கிறது?

குளிர் தாங்க முடியவில்லை. இந்த மலையிலேயே பிறந்து வளர்ந்தவள், இப்போது ஆடி மாதத்தில் இரண்டு ஸ்வெட்டர் போட்டும் விரல்கள் மரத்துப்போகின்றன. காலை நடையும் நின்றுவிட்டது. எங்கள் சாலையில் விடியும் முன்பு காட்டுமாடுகள் நிற்கின்றன, சில நாட்கள் கரடியும் வருகிறது.

பார்ப்பவர்கள், "உடம்புக்கு என்ன, இப்படி வாடிவிட்டாய்?" என்கிறார்கள். விஷயம் தெரிந்தவர்களோ, "அறுத்து எடுத்ததுதானே, நீ என்ன கஷ்டப்பட்டாய்?" என்கிறார்கள். கல்யாண வீட்டில் இலையில் மிச்சம் வைத்து எழுந்தால் பரிமாறியவர்களின் முகம் சுருங்குகிறது. கைகளிலும் வயிற்றிலும் தோல் தொங்குகிறது. விளக்கை அணைத்துவிட்டுத்தான் உடை மாற்றுகிறேன். கணவர் எதுவும் சொல்வதில்லை. அந்த மௌனம்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. சில இரவுகளில் காரணம் தெரியாமல் அழுகிறேன். கோவை மருத்துவரைப் பார்க்கப் போகவே மனம் வரவில்லை.

என் இரைப்பை மறுபடி பெரிதாகிவிட்டதா? அவ்வளவு பணமும் வீண்தானா? முதல் ஆறு மாதங்களில் இருந்த அந்த ஊக்கத்தை எப்படித் திரும்பக் கொண்டுவருவது?

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி, நீலகிரி

*

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கணக்கு எழுதுகிறவர் என்பதால் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன். 114 கிலோவிலிருந்து 81. சர்க்கரை மாத்திரை இல்லை. இதில் எந்த வரியையும் வீண் என்று எழுத முடியாது. ஸ்லீவ் செய்துகொண்டவர்களுக்கு எடையின் பெரும்பகுதி முதல் ஓர் ஆண்டிலிருந்து ஒன்றரை ஆண்டுக்குள் குறைந்துவிடும். அதன்பின் உடல் ஓரிடத்தில் நிற்கும். மிகக் குறைந்த எடையிலிருந்து சில கிலோ திரும்ப ஏறுவது பலருக்கும் நடக்கிறது. 78-ஐ மட்டுமே உங்கள் உண்மையான எடை என்று எடுத்துக்கொண்டு, அதற்கு மேல் வந்ததையெல்லாம் தோல்வி என்று நினைக்காதீர்கள்.

இரைப்பை பெரிதாகிவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். காலப்போக்கில் அது ஓரளவு விரிவது உண்டு. உங்களுக்கு எந்த அளவு என்பதை மருத்துவர்தான் சொல்ல முடியும். ஆனால் ஒன்றரை இட்லியில் வயிறு நிறைகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் அது இன்னமும் உங்களுக்காக வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. வர்க்கி வேறு விதமான பண்டம். மைதாவும் கொழுப்பும் சேர்ந்து பொரபொரவென்று உதிரும், தேநீரில் தோய்த்தால் கூழாகிவிடும். கூழானதும் குறுகிய இரைப்பையில் தங்காமல் வழுக்கிக்கொண்டு இறங்கிவிடுகிறது. நிறைந்த உணர்வு வருவதற்கு முன்பே பாக்கெட் காலியாகிவிடும். சாப்பிடும்போது எதையும் குடிக்காதீர்கள், அரை மணி நேரம் இடைவெளி விடுங்கள் என்று மருத்துவமனையில் சொல்லியிருப்பார்களே, அதற்கு ஒரு காரணம் இதுதான்.

இப்போது ஊக்கத்துக்கு வருகிறேன். முதல் மாதங்களில் உங்களுக்குப் பசி தெரியாமல் இருந்ததற்கு உங்கள் மன உறுதி காரணமில்லை. கிரெலின் என்னும் பசி ஹார்மோன் பெரும்பாலும் இரைப்பையின் மேல்பகுதியில்தான் சுரக்கிறது. ஸ்லீவ் முறையில் வெட்டி எடுக்கப்படும் முக்கால் பங்குக்கு மேற்பட்ட இரைப்பையில் அந்தப் பகுதியும் போய்விடுகிறது. அதனால்தான் அந்த அமைதி. பிறகு உடல் தன்னைச் சரிசெய்துகொள்கிறது: பசி மெல்லத் திரும்புகிறது, எடை குறைந்த உடல் முன்பைவிடக் குறைவாகவே சக்தியைச் செலவிடுகிறது. இந்த மாற்றம் உங்கள் குணக்கேடு அல்ல. திரும்பி வராத ஒன்றை எதிர்பார்த்துக்கொண்டு உங்களை நீங்களே திட்டிக்கொள்வதைத்தான் நான் நிறுத்தச் சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் நிறுத்தியது அந்த மாலை ஐந்து மணி. மகள் வீட்டில் இல்லை, கணவர் மலைப்பாதையில் எங்கோ வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறார், வெளியே ஒன்றும் தெரியாத பனிமூட்டம். சிகிச்சைக்கு முன்பும் இந்த நேரம் இப்படித்தான் இருந்ததா என்று யோசித்துப் பாருங்கள். இருந்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அப்போதும் தீனிதான் உங்களுக்குத் துணையாக இருந்திருக்கும். அறுவை சிகிச்சை இரைப்பையைத் தொட்டது. அந்த நான்கைந்து மணி நேரத் தனிமையைத் தொடவில்லை. நடுவில் சில மாதங்கள் குறைந்துகொண்டே வந்த எடை உங்களுக்குத் துணையாக இருந்தது. நாளைக் காலை எவ்வளவு இருக்கும் என்ற ஆவலில் மாலை கழிந்தது. எடை நின்றதும் அந்தத் துணையும் போய்விட்டது, வர்க்கி திரும்பி வந்துவிட்டது. இதற்கு மன உறுதியை மட்டும் நம்பினால் ஒவ்வொரு மாலையும் போராட்டமாகிவிடும். அந்த நேரத்துக்கு வேறு ஏற்பாடு வேண்டும்.

பசியோடு வீட்டுக்குள் நுழையாதீர்கள். அலுவலகத்திலிருந்து கிளம்பும் முன்பே அவித்த முட்டையோ, சுண்டலோ, வேகவைத்த அவரையோ, கொஞ்சம் பன்னீரோ சாப்பிட்டுவிடுங்கள். புரதம் நாளுக்கு 60 கிராமாவது தேவை என்பது பொதுவான அறிவுரை, ஒரு முட்டையில் ஆறு கிராம்தான் கிடைக்கும். ஒன்றரை இட்லியில் அந்தக் கணக்கு ஒருபோதும் நிரம்பாது. அரை மணி நேரம் கழித்துத் தேநீர் குடிக்கலாம். வர்க்கியை வாழ்நாள் முழுவதும் விலக்கு என்று நான் சொல்லமாட்டேன், இந்த மலையில் அது நடக்கவும் நடக்காது. பாக்கெட்டாக வாங்கி வீட்டில் வைக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை கணவரோடு பேக்கரிக்குப் போய், தட்டில் வைத்து, பேசிக்கொண்டே ஒன்று சாப்பிடுங்கள். மாலை ஐந்தரை மணியை மகளோடு தொலைபேசியில் பேசும் நேரமாக்கிக்கொள்ளுங்கள். அவளும் விடுதியில் தனியாகத்தான் இருக்கிறாள். நடைக்கு விடியற்காலைதான் என்று எந்த விதியும் இல்லை. காட்டுமாடும் கரடியும் உலவும் சாலையில் இருட்டில் நடக்காமல் நீங்கள் நின்றது முற்றிலும் சரி. மதிய இடைவேளையில் தொழிற்சாலைக்கு அருகிலேயே தோழி ஒருவரோடு ஏற்றத்தில் கால் மணி நேரம் நடந்தால் போதும்.

குளிரைப் பற்றி எழுதியதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. தோலுக்கு அடியிலிருந்த கொழுப்பு குறைந்ததால் குளிர் உறைப்பது இயல்புதான். ஆனால் ரத்தசோகையும், தைராய்டு குறைவும் இதே குளிரையும் சோர்வையும் தரும். இரும்புச்சத்தும் பி12-உம் குறைந்தால் மனமும் சேர்ந்து வாடும். ஊக்கம் போய்விட்டது என்று நீங்கள் சொல்வதில் எவ்வளவு மனதுடையது, எவ்வளவு ரத்தத்துடையது என்பது பரிசோதித்தால்தான் தெரியும். ஹீமோகுளோபின், உடலில் சேமித்துள்ள இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின், பி12, வைட்டமின் டி, தைராய்டு ஆகியவற்றைப் பார்த்துவிடுங்கள். விரல்கள் மரத்துப்போவது குளிர் இல்லாத நேரத்திலும் இருந்தால், அல்லது கால்களிலும் பரவினால், காத்திருக்காமல் உடனே மருத்துவரைப் பாருங்கள். வைட்டமின் குறைவால் நரம்புகள் பாதிக்கப்படுவது இந்தச் சிகிச்சைக்குப் பின் உண்டு.

மாத்திரைகளைப் பற்றி நீங்கள் ஒரு வரியும் எழுதவில்லை. ஸ்லீவுக்குப் பிறகு சத்து மாத்திரைகள் வாழ்நாள் முழுவதும் தேவைப்படும். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்ப்பதால் இதையும் சொல்ல வேண்டும்: தேநீரிலுள்ள துவர்ப்புப் பொருட்கள் இரும்புச்சத்தை உடல் ஏற்றுக்கொள்ள விடாமல் தடுக்கும். இரும்பு மாத்திரைக்கும் தேநீருக்கும் இடையே ஒன்றிரண்டு மணி நேரம் விடுங்கள். கால்சியம் மாத்திரையையும் அதோடு சேர்த்து விழுங்காதீர்கள். குளிரில் தாகமும் தெரியாது. பிளாஸ்கில் வெந்நீர் வைத்து மேசையில் சிறிது சிறிதாகக் குடித்துக்கொண்டே இருங்கள்.

தொங்கும் தோல் உடற்பயிற்சியால் பெரிதாக இறுகிவிடாது. ஆறுதலுக்காக உங்களிடம் வேறு மாதிரிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. எடை நிலையாக நின்றபின் அதற்கும் அறுவை சிகிச்சை உண்டு. அது தேவையா என்பதை அவசரமில்லாமல் முடிவு செய்யலாம். கணவரின் மௌனத்துக்கு நீங்கள் ஒரு பொருள் கொடுத்துவிட்டீர்கள், அவரிடம் கேட்டுப் பார்க்கவில்லை. நகையை அடகு வைத்துச் சிகிச்சைக்கு அழைத்துப் போனவர் அவர். எதைச் சொன்னால் நீங்கள் புண்படுவீர்களோ என்று பயந்துகூட அவர் பேசாமல் இருக்கலாம். "என் உடம்பைப் பார்க்க எனக்கே கூச்சமாக இருக்கிறது, உங்களுக்கு எப்படி இருக்கிறது?" என்று ஒரு நாள் நேராகக் கேளுங்கள்.

"அறுத்து எடுத்ததுதானே" என்கிறவர்களுக்கு நீங்கள் விளக்கம் சொல்லக் கடமைப்பட்டவர் அல்ல. வயிற்றில் பெரிய அறுவை சிகிச்சை செய்துகொண்டு, மாதக்கணக்கில் கரண்டிக் கணக்கில் சாப்பிட்டு வாழ்வது சுலபமான வழி என்று சொல்கிறவர்களுக்கு அதைப் பற்றி எதுவும் தெரியாது. கல்யாண வீட்டில் மட்டும், பரிமாறத் தொடங்கும் முன்பே, "வயிற்றில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது, எல்லாவற்றிலும் ஒரு துளி போதும்" என்று சொல்லிவிடுங்கள். மிச்சம் வைத்தால் முகம் சுருங்கும், முன்பே சொல்லிவிட்டால் நம் மக்கள் அனுசரித்துப் போவார்கள்.

எடையை வாரத்துக்கு ஒரு முறைக்கு மேல் பார்க்க வேண்டாம்.

கோவை மருத்துவரைத் தவிர்க்காதீர்கள். மூன்று கிலோ ஏறியிருக்கும்போது போவதுதான் நல்லது. முப்பது ஏறும்வரை காத்திருப்பவர்களுக்குத்தான் வழி கடினமாகிறது. அவர் கண்டிப்பாரோ என்ற பயம் இருந்தால் கணவரையும் உடன் அழைத்துப் போங்கள். மாலைத் தீனியையும், இரவு அழுகையையும் மறைக்காமல் சொல்லுங்கள். உணவு ஆலோசகரின் உதவியும், தேவைப்பட்டால் மருந்தும் இந்தக் கட்டத்துக்கு உண்டு.

இரவில் அழுகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தச் சிகிச்சைக்குப் பின் சிலருக்கு மனச்சோர்வு வருவது மருத்துவர்கள் அறிந்த விஷயம். இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்கள் இப்படியே இருந்தால், தூக்கமும் வேலையும் கெட்டால், மனநல மருத்துவரைப் பாருங்கள். வாழ்வதில் என்ன இருக்கிறது என்ற எண்ணம் ஒரு முறை வந்தாலும் அந்த நேரத்திலேயே 14416 என்ற டெலி மானஸ் எண்ணை அழையுங்கள். 24 மணி நேரமும் இயங்கும் அரசின் இலவச மனநல உதவி எண் அது, தமிழிலேயே பேசலாம். கணவர் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்