தண்ணீரில் விழுந்த போனை அரிசிக்குள் வைத்தால் சரியாகிவிடுமா?

"போன் தண்ணீரில் விழுந்துவிட்டது. உடனே எடுத்துத் துடைத்துவிட்டேன், இன்னும் வேலை செய்கிறது. அரிசிக்குள் வைக்கச் சொல்கிறார்கள், வைக்கட்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் அதை ஆஃப் செய்யுங்கள். மீதியை வேறு போனில் படித்துக்கொள்ளலாம்.

இந்த விஷயத்தில் எனக்கு இரண்டு போன் அனுபவம் உண்டு. ஒன்றை நானே சாகடித்தேன், இன்னொன்றைப் பிழைக்க வைத்தேன். முதல் போன் துணி அலசும்போது சட்டைப் பையிலிருந்து வாளிக்குள் விழுந்தது. எடுத்துப் பார்த்தால் திரை எரிந்துகொண்டிருந்தது. தப்பித்தோம் என்று நண்பருக்கு அழைத்துப் பேசினேன், கேமரா வேலை செய்கிறதா என்று பார்த்தேன், பாட்டு போட்டுப் பார்த்தேன். இரவு வழக்கம்போல சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கினேன். காலையில் எந்தப் பொத்தானை அழுத்தியும் அசையவில்லை. பழுது பார்ப்பவர் திறந்து காட்டியபோது, சார்ஜ் ஏறும் பகுதியைச் சுற்றி போர்டில் (உள்ளே இருக்கும் மின்சுற்றுப் பலகையில்) பச்சைப் பச்சையாகப் பூத்திருந்தது. செம்பு அரித்த பச்சை.

குழாய்த் தண்ணீரில் உப்புகள் கரைந்திருப்பதால் அது மின்சாரத்தைக் கடத்தும். போர்டில் மயிரிழை இடைவெளியில் இருக்கும் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே ஒரு துளி நின்று, அந்த நேரத்தில் மின்னழுத்தமும் இருந்தால், ஒரு பக்கத்து உலோகம் கரைந்து மறுபக்கம் போய்ப் படியத் தொடங்கும். ஒரு பக்கம் இணைப்பு அறும், இன்னொரு பக்கம் ஷார்ட் ஆகும். மின்சாரம் இல்லாவிட்டால் இதே அரிப்பு மிக மெதுவாகத்தான் நடக்கும். ஈரத்தோடு போனை ஓட விட்டதும் சார்ஜரைச் செருகியதும்தான் என் முதல் போனை முடித்தன. வாளியில் விழுந்த அந்தச் சில நொடிகளை அது தாங்கியிருக்கும் என்றே இன்றைக்கும் நினைக்கிறேன்.

இரண்டாவது போன் கைகழுவும் தொட்டியில் விழுந்தது. இந்த முறை எடுத்த கையோடு திரையைத் துடைத்து ஆஃப் செய்தேன் (ஈரத் திரையில் தொடுகை சரியாக எடுக்காது, அதனால் துடைப்பதும் அவசியம்). உறையைக் கழற்றி, சிம் தட்டை வெளியே எடுத்து, சார்ஜ் துளை கீழே பார்க்கும்படி பிடித்து உள்ளங்கையில் மெல்லத் தட்டினேன். உதறவில்லை, உதறினால் ஓரத்தில் நிற்கும் தண்ணீர் உள்ளே போகும். வாயால் ஊதுவதும் அப்படித்தான். ஹேர் ட்ரையர் வேண்டவே வேண்டாம். சூடு பட்டால் ஓரங்களை மூடியிருக்கும் பசை இளகும், பேட்டரிக்கும் கேடு. பிறகு மின்விசிறிக் காற்றில் நிறுத்தி வைத்தேன். சிம்மை ஒரு பழைய போனில் போட்டுக்கொண்டேன். ஓடிபி வரும், அழைப்பும் வரும், அதனால் "ஒரு நிமிடம் ஆன் செய்து பார்ப்போமே" என்று கை பரபரக்காது.

சரி, அரிசி. மூடிய போனுக்குள் இருக்கும் தண்ணீரை வெளியே இருக்கும் அரிசி உறிஞ்சி எடுக்காது. காற்றோட்டமான இடத்தில் சும்மா வைப்பதே மேல். ஐபோனை அரிசிப் பையில் வைக்காதீர்கள், அரிசித் துகள்கள் அதைச் சேதப்படுத்தலாம் என்று ஆப்பிள் நிறுவனமே தன் உதவிப் பக்கத்தில் எழுதியிருக்கிறது. 2024 தொடக்கத்தில் அது செய்தியாகவும் வந்தது. அரிசியில் வைத்து இரண்டு நாளில் பிழைத்த போன், மேசையில் வைத்திருந்தாலும் பிழைத்திருக்கும். அந்த இரண்டு நாளும் யாரும் அதை ஆன் செய்யவில்லை, அவ்வளவுதான்.

காய வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்றும் எண்ண வேண்டாம். தண்ணீர் ஆவியாகிவிடும், அதிலிருந்த உப்பு போர்டிலேயே தங்கிவிடும். காற்றில் ஈரம் கூடும்போது அரிப்பு மறுபடி தொடங்கும். நன்றாக ஓடிய போன் இரண்டு வாரம் கழித்துத் திடீரென்று சாவதற்கு இது ஒரு காரணம். இன்னொன்று, போனை ஆஃப் செய்தாலும் பேட்டரி போர்டோடு இணைந்தேதான் இருக்கிறது. போர்டின் சில மின்தடங்களில் மின்னழுத்தம் நின்றுகொண்டே இருக்கும். பின்மூடியைத் திறந்து பேட்டரியை உருவிய காலம் போய்விட்டதால், முழுக்க நனைந்த போனைச் சீக்கிரம் பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோவதுதான் நல்லது. "பேட்டரி இணைப்பைக் கழற்றி, தகர மூடிகளுக்கு அடியிலும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் போட்டுச் சுத்தம் செய்வீர்களா?" என்று கேளுங்கள் (அது சீக்கிரம் ஆவியாகும் ஒரு சுத்திகரிப்புத் திரவம்). "சூடு காட்டித் தருகிறேன்" என்றால் வேறு ஆளைப் பாருங்கள். விழுந்தது கடல் நீரிலோ சோப்பு நீரிலோ, கொட்டியது சர்க்கரை போட்ட காபியோ என்றால் காய வைத்துப் பார்க்கும் ஆசையே வேண்டாம், நேராகக் கடைக்குத்தான்.

"என் போன் ஐபி68 ஆயிற்றே" என்பவர்களுக்கு: ஐபி என்பது தூசியையும் தண்ணீரையும் போன் எவ்வளவு தாங்கும் என்று காட்டும் தர எண். அதற்கான சோதனை புதிய போனை நல்ல தண்ணீரில் வைத்துச் செய்வது. ஐபி67 என்றால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம். ஐபி68-க்கு அளவைத் தயாரிப்பாளரே சொல்வார். இரண்டு தடவை கீழே விழுந்து, ஒரு தடவை திரை மாற்றிய போனுக்கு அந்த எண்ணை நம்பாதீர்கள். கடையில் போய் "தண்ணீரே படவில்லை" என்று சாதிப்பதிலும் பயனில்லை. பல போன்களில் சிம் துளைக்குள்ளேயே ஒரு சின்ன ஸ்டிக்கர் இருக்கும், ஈரம் பட்டால் சிவந்துவிடும்.

போனின் முதுகு வீங்கினாலோ, சும்மா இருக்கும்போதே சுட்டாலோ சார்ஜ் போடாதீர்கள், படுக்கைப் பக்கமும் வைக்காதீர்கள். அது பேட்டரி கெட்டதன் அடையாளம்.

என் இரண்டாவது போன் மூன்றாம் நாள் உயிரோடு திரும்பி வந்தது. ஆன் ஆனதும் முதலில் படங்களையும் தொடர்பு எண்களையும் வேறு இடத்துக்கு நகல் எடுத்தேன்; கேமராவையும் பாட்டையும் அதற்கு அப்புறம்தான் சோதித்தேன். ஒலிபெருக்கி மட்டும் இன்றுவரை ஜலதோஷம் பிடித்த குரலில்தான் பேசுகிறது.