கோத்தகிரி தேயிலை ஃபேக்டரியில் பக்ரீத் லீவு: மேனேஜர் சொல்றது சரியா?

'கவர்மென்ட் லீவு நமக்குக் கிடையாது'ன்னு மேனேஜர் சொன்னது பாதிதான் சரி. அரசு விடுமுறைப் பட்டியல் அரசு அலுவலகத்துக்கும் வங்கிக்கும். ஆனா தமிழ்நாடு தொழில் நிறுவனங்கள் (தேசிய மற்றும் பண்டிகை விடுமுறைகள்) சட்டம், 1958 உங்க ஃபேக்டரிக்கும் உண்டு: ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போக, வருஷத்துக்கு 5 பண்டிகை நாள், சம்பளத்தோடு. எந்த 5 என்பதை நிர்வாகம் மட்டும் முடிவு பண்ண முடியாது. இரு தரப்பையும் கலந்து தொழிலாளர் துறை ஆய்வாளர்தான் குறிப்பார். பொங்கல், தீபாவளின்னு இடம் சீக்கிரம் நிரம்பிடும். அதனால டிசம்பரிலேயே பக்ரீத்தை எழுத்தில் கேளுங்க, முந்தின வாரம் கேட்டுப் பிரயோஜனமில்லை. 'பிறை பார்த்து அரசு தலைமை காஜி அறிவிக்கும் நாள்'னு சேர்த்துடுங்க. வெறும் காலண்டர் தேதி போட்டா, பண்டிகை ஒரு நாள் தள்ளினதும் லீவு வீண். வாடப்போட்ட (ஈரம் குறைய உலர்த்தி வச்ச) தேயிலைக் கொழுந்தை அப்படியே விட முடியாதுன்னு அன்னிக்கு வேலைக்குக் கூப்பிட்டா இரட்டைச் சம்பளம், இல்லேன்னா அன்றைய சம்பளமும் சம்பளத்தோட மாற்று லீவும்.