தச்சு வேலை தெரியாதவர் சென்னையில் வீட்டிலேயே மரப்படகு கட்ட முடியுமா?

முடியும். ஆடாத முக்காலி ஒன்றைக்கூட எனக்குச் செய்யத் தெரியாது. ஆனால் மடிப்பாக்கத்தில் எங்கள் கார் ஷெட்டில் நான் கட்டிய எட்டடிப் படகு தலைகீழாகத் தொங்குகிறது. அத்தனை மாதங்கள் காரை வெயிலில் நிறுத்தியதற்காக வீட்டில் வாங்கிய பேச்சைச் செலவுக் கணக்கில் சேர்க்கவில்லை. மற்றபடி ரூ. 30,000-க்குள் முடிந்தது.

பலகைகளைத் தைத்து ஒட்டும் முறையைத்தான் பின்பற்றினேன். 6 மி.மீ. மரைன் பிளைவுட்டை வரைபடப்படி அறுத்து, ஓரங்களில் அரை அடிக்கு ஒரு துளை போட்டு, செம்புக் கம்பியால் தைக்க வேண்டும். கம்பியை முறுக்க முறுக்க, தட்டையாகக் கிடந்த பலகைகள் வளைந்து எழுந்து படகாகின்றன. அந்த ஒரு மாலைக்காகவே இந்த வேலையில் இறங்கலாம். பிறகு தையல்களுக்கு இடையே எபாக்சி ரெசின் என்னும் பசையில் மரத்தூளைக் குழைத்துப் பூசி, இறுகியதும் கம்பியை உருவிவிட்டு, மூலை முழுவதும் பூசி, மேலே கண்ணாடியிழை நாடாவை ஒட்ட வேண்டும்.

படகைத் தைப்பது நம் ஊருக்குப் புதிதல்ல. துறைமுகம் வருவதற்கு முன் கப்பல்கள் கடலில் தள்ளி நிற்க, ஆட்களையும் சரக்கையும் மெட்ராஸ் கரையில் சேர்த்தவை மசூலா படகுகள். ஆணியே இல்லாமல் கயிற்றால் பலகைகளைத் தைத்திருப்பார்கள். அலை தூக்கி மணலில் அடிக்கும்போது அந்தத் தையல் நெகிழ்ந்து கொடுக்கும். அவற்றுக்குத் தையல்தான் உயிர். என் படகில் அது பசை காயும்வரை பிடித்துக்கொள்ளும் ஊக்கு மட்டுமே.

பிளைவுட்டில் ஏமாறாதீர்கள். நீர் தாங்கும் மரைன் பிளைவுட்டுக்கான இந்தியத் தர எண்ணான ஐஎஸ் 710 என்று முத்திரை குத்தியிருந்தாலும் உள்ளங்கை அளவு துண்டு ஒன்றை வாங்கி வந்து சில மணி நேரம் கொதிக்கவையுங்கள். நான் முதலில் வாங்கியது அப்பளம்போல் அடுக்கடுக்காகப் பிரிந்தது. அதற்குப் பலியான பாத்திரம் இன்னும் சமையலறைக்குத் திரும்பவில்லை.

உண்மையான எதிரி ரெசின். குளிர்நாட்டுக்காரர்கள் எழுதிய செய்முறையில், கெட்டிப்படுத்தும் திரவத்தோடு கலந்தபின், இறுகுவதற்குள் பூச அரை மணி நேரம் தாராளமாகக் கிடைக்கும் என்றிருக்கும். மே மாத மதியத்தில் எனக்குப் பத்து நிமிடம்கூடக் கிடைக்கவில்லை. குவளைக்குள்ளேயே புகைந்து கல்லாகிவிட்டது. கலவை குவிந்து கிடந்தால் தன் சூட்டிலேயே வேகும். ஆகவே கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, உடனே அகலத் தட்டில் ஊற்றிப் பரப்புங்கள். கெட்டிப்படுத்தும் திரவத்தைக் குறைத்தால் தாமதமாக இறுகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது கடைசிவரை பிசுபிசுப்பாகவே நிற்கும். மழைக்காலத்தில் வேறு தொல்லை: காற்றின் ஈரத்தால் மேலே மெழுகுப் படலம் படியும், அதைத் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவாமல் அடுத்த பூச்சு பிடிக்காது. தை, மாசி மாதக் காலைகளில்தான் என் வேலை உருப்படியாக நகர்ந்தது.

கடலில் இறக்காதீர்கள். இவ்வளவு சிறிய படகு மெரினா அலையில் ஒரே புரட்டில் கவிழ்ந்துவிடும். நான் மாமனார் ஊர் ஏரியில், உயிர்காப்பு அங்கி போட்டுக்கொண்டு விட்டேன். அடைக்க மறந்த ஒரு தையல் துளை வழியாக அரை மணியில் ஒரு சொம்புத் தண்ணீர் ஏறியது. அவ்வளவுதான்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் தெருவில் முழங்காலளவு தண்ணீர். ஷெட்டிலோ, தையல் மட்டும் முடிந்து உடம்பெல்லாம் ஓட்டையாக ஒரு படகு. தெருவே பார்த்துச் சிரித்தது. படகு முடிந்தபின் வந்த ஐப்பசியில், இரண்டு இடம் வேண்டும் என்று மாடி வீட்டு மாமி இப்போதே சொல்லிவைத்தார். என்னோடு இன்னொருவரைத்தான் தாங்கும் என்றேன். "அப்படியென்றால் மாமா மாடியிலேயே இருக்கட்டும்" என்றார்.