மூன்று அறைகளுக்கு ஒரே பதிவு

கேள்வி: டிடி ஃப்ரீ டிஷ் நிகழ்ச்சிகளைப் பதிவு செய்து, மூன்று அறைகளிலும் பார்க்க எந்த மென்பொருள் ஏற்றது?

பதில்: ஜெல்லிஃபின் (ஒரு கணினியைச் சர்வராக்கி, அதிலுள்ள வீடியோக்களை வீட்டின் மற்ற டிவிகளுக்கு அனுப்பும் மென்பொருள்) போதும் என்பேன். 2018இல் எம்பி (Emby) என்ற இதேபோன்ற மென்பொருளிலிருந்து பிரிந்த இந்தக் கட்டற்ற மென்பொருளில் பதிவு வசதி இலவசம். பிளெக்ஸ் என்ற இன்னொரு மென்பொருளிலும் எம்பியிலும் அதற்குக் கட்டணம் உண்டு. ஆனால் செயற்கைக்கோள் அலைவரிசையைப் பிடித்துத் தருவது ஜெல்லிஃபினின் வேலையன்று: டிவிபி-எஸ்2 ட்யூனர் அட்டை (செயற்கைக்கோள் அலைவரிசையைக் கணினிக்குள் வாங்கும் அட்டை) பொருத்திய லினக்ஸ் கணினியில் டிவிஹெட்எண்ட் என்ற, சேனல்களைப் பிடித்துத் தரும் மென்பொருளை நிறுவி, அதனை ஜெல்லிஃபினுடன் இணைக்க வேண்டும். (சற்றுப் பொறுமை கேட்கும் வேலைதான்.) மறையாக்கம் செய்யப்பட்ட கட்டணச் சேனல்கள் இவ்வழியில் பதிவாகா. ஃப்ரீ டிஷ் சேனல்கள் பல எம்பெக்-2 என்னும் வீடியோ வடிவில் வருகின்றன. அதனை நேரடியாக இயக்க இயலாத டிவிக்குச் சர்வரே உருமாற்றித் தர வேண்டியிருப்பதால், அந்த உருமாற்றத்தை விரைவாகச் செய்யும் இன்டெல் க்விக் சிங்க் வசதியுள்ள செயலியை வாங்குங்கள். சர்வரை வைஃபையில் விடாமல் லேன் கேபிளில் இணையுங்கள்.