இங்கிலாந்தில் கவுன்சில் வீடு (உள்ளாட்சி அமைப்பு வாடகைக்கு விடும் வீடு) பறிபோனால் பந்தயப் புறாக்களை ஏன் கைவிட வேண்டியிருக்கிறது?

புது வீட்டுக்குப் புறாக்களையும் தூக்கிக்கொண்டு போகலாமே என்று கேட்டிருக்கிறீர்கள். போகலாம், ஆனால் பறக்கவிட்டால் அவை பழைய வீட்டுக்கே போய்விடும். பந்தயப் புறா திரும்புவது வளர்த்தவரிடம் அல்ல, தான் பழகிய கூண்டுக்கு. அதனால் இடம் மாறுகிறவர்கள் பெரும்பாலும் வளர்ந்த புறாக்களை அடைத்தே வைத்து, புது இடத்தில் பொரித்த குஞ்சுகளைப் பழக்குவார்கள். பல வருட உழைப்பு, மறுபடி முதலிலிருந்து.

அதற்கும் கொல்லைப்புறம் வேண்டுமே! வாடகைதாரர் இறந்தால், கவுன்சில் வீட்டின் வாடகை உரிமை பொதுவாக ஒருமுறைதான் குடும்பத்தில் கைமாறும். அப்பாவுக்குப் பின் அம்மா அந்த உரிமையைப் பெற்றிருந்தால், பிள்ளைக்குச் சட்டப்படி உரிமை கிடையாது. 2012 ஏப்ரல் 1 அன்றோ அதற்குப் பிறகோ தொடங்கிய வாடகை என்றால், ஒப்பந்தத்தில் வேறாகச் சொல்லாதவரை, கணவன், மனைவி அல்லது துணைவருக்கு மட்டுமே. அதற்கு முந்தையதில், கடைசி 12 மாதம் கூடவே வாழ்ந்த பிள்ளைக்குக் கிடைக்கலாம். கிடைத்தாலும், வீடு தேவைக்கு மேல் பெரிதென்றால் கவுன்சில் நீதிமன்றம் போய்ச் சிறிய வீட்டுக்கு மாற்றலாம். தனி ஆளுக்குச் சிறிய வீடு என்றால் பெரும்பாலும் ஃபிளாட்தான். அங்கே கூண்டுக்கு ஏது இடம்?

ஒரு வழி உண்டு. வடகிழக்கு இங்கிலாந்தில் பலர் வாடகைத் தோட்ட நிலத்தில்தான் கூண்டு வைத்திருக்கிறார்கள். எல்லா இடத்திலும் அனுமதி கிடைக்காது. புறாக்களை விற்பதற்கு முன் அதை விசாரித்துவிடுங்கள்.